ஆறுமுகத்தாய் கட்டிய கப்பல்

தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் குடியிருந்த அந்தச் சந்தில் ஆறுமுகத்தாயின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி எதிர்வீட்டில் இட்லி அவித்து விற்ற பேராச்சி. இன்னொருவர் ஆறுமுகத்தாயின் புருஷன் நம்பிராஜன். பேராச்சி பயப்படாததற்குக் காரணம், அவளுக்கும் அதே நீளத்துக்கு வாய் இருந்தது. நம்பிராஜன் பயப்படாததற்குக் காரணம், அவர் எதையும் காதில் வாங்குவதே இல்லை.

ஆறுமுகத்தாய் பூ கட்டுகிறவள். மாட்டுங்கா மார்க்கெட் பூக்கடையிலிருந்து கூடை வந்து இறங்கினால் போதும், வாய் ஒரு பக்கம் ஊர் வம்பு பேசிக்கொண்டிருக்கும், கை ஒரு பக்கம் மல்லியைச் சரமாக்கிக்கொண்டிருக்கும். அவள் கட்டிய சரத்தைச் சுவரில் ஓங்கி அடித்தாலும் ஒரு பூ உதிராது. அப்படி ஒரு இறுக்கம். மாட்டுங்கா மாமிகள் கடையில் வந்து, "ஆறுமுகம் கட்டினதுல ஒரு முழம் குடுப்பா" என்று பேர் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். இதை அவளே சந்து முழுக்கச் சொல்லியிருந்தாள்.

இத்தனை பெருமையுள்ளவள் பூ கட்ட உட்கார்ந்த பலகைக்கு மூன்றே கால். நாலாவது காலுக்குப் பதில் ஒரு செங்கல். ஏன் என்றால், பலகை செய்தவர் நம்பிராஜன்.

நம்பிராஜன் கைதேர்ந்த தச்சர். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டிகளுக்கு மரச் சட்டம் அடுக்கிய ஜன்னல் கதவு செய்கிற வேலை. ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் நடுவே மயிரிழை வித்தியாசம் இருக்காது. ஆனால் வீடு என்று வந்துவிட்டால் மனிதர் எதையும் முடிக்கமாட்டார். அலமாரி செய்தார், கதவு மாட்டவில்லை. சாமி மாடம் செய்தார், கோபுரத்துக்குக் கலசம் வைக்கவில்லை. மகளுக்குத் தொட்டில் செய்யத் தொடங்கினார். அந்த மகள் எழுந்து நடந்து, பள்ளிக்கூடம் போய், கல்யாணமாகி இப்போது தாணேயில் குடித்தனம் செய்கிறாள். தொட்டிலுக்கு இன்னும் ஒரு கம்பி பாக்கி. சந்தில் அவருக்கு 'அரைகுறை நம்பி' என்று பேர். முன்னால் நின்று யாரும் சொல்லமாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்கள் கிடையாது.

அறுபத்து மூன்றாம் வருஷம் தைப் பொங்கல் கழிந்த கையோடு பிள்ளையார் கமிட்டி கூடியது. பிள்ளையார் சதுர்த்திக்கு ஏழு மாதம் கிடந்தாலும் கமிட்டிச் செயலாளர் தளவாய்க்கு அப்போதே தூக்கம் போய்விட்டது. போன வருஷம் அடுத்த சந்துக்காரர்கள் கண்ணாடி மாளிகை கட்டிப் பேர் வாங்கியிருந்தார்கள். தளவாய் எதையாவது செய்து அவர்கள் மூக்கை அறுக்க வேண்டும் என்று துடித்தான். அப்போது மூலையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த நம்பிராஜன், கேட்காமலே வாயைத் திறந்தார்.

"கப்பல் ஒண்ணு செய்வோம். பாய்மரக் கப்பல். நிசக் கப்பல் எப்பிடியோ அப்பிடியே, சின்னதா."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை அந்தச் சிரிப்பு குழாயடிக்கு வந்து சேர்ந்தது. சந்துக்கெல்லாம் ஒரே குழாய். அதில் முதல் குடம் ஆறுமுகத்தாயுடையது. முனிசிபாலிட்டிக்காரன் குழாய் போட்ட அன்றைக்கு ஓடிப்போய் முதல் குடத்தை வைத்தவள் அவள்தான். அன்று முதல் அது அவள் பாத்தியதை ஆகிவிட்டது. இரண்டாவது குடம் பேராச்சியுடையது. தண்ணீர் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாத ஊரில், மாவாட்டிப் பிழைக்கிறவளுக்கு முதல் இடத்தின் மேல் கண் இருக்கத்தானே செய்யும்?

"மதினி, அண்ணாச்சி கப்பல் செய்யப் போறாவளாமே! எத்தன காலு வைப்பாவ? மூணா, நாலா?" என்றாள் பேராச்சி.

ஆறுமுகத்தாய்க்குச் சுரீர் என்றது. வீட்டுக்குள் அவள் அவரை ஆயிரம் பேசுவாள். வெளியே ஒருத்தி பேசுவதா?

"இந்தப் பிள்ளையார் சதுர்த்திக்குக் கப்பல் முடியும். முடியலேன்னா, ஏ பேராச்சி, என் முதக் குடம் உனக்கு. இத்தன பேரு சாட்சி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஆனால் குழாயடியில் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியுமா? குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி நடந்து வந்துவிட்டாள்.

நல்லவேளை, தொடக்கம் ஜோராகத்தான் இருந்தது. தோல் பை செய்கிற பட்டறை வைத்திருந்த கரீம் பாட்சா, நம்பிராஜனுக்குப் பழைய சிநேகிதர். அவர் சோர் பஜாரில் பழைய சாமான் வாங்கப் போன இடத்தில், மூன்று பாய்மரம் கொண்ட கப்பல் ஒன்றின் பிளான் படத்தைப் பார்த்து வாங்கி வந்தார். ஓரமெல்லாம் எலி கடித்திருந்தாலும் அளவெல்லாம் தெளிவாக இருந்தது. நம்பிராஜன் அதைச் சுவரில் ஒட்டினார். நிஜக் கப்பலில் ஓர் அடி என்றால் இதில் கால் அங்குலம் என்று கணக்கு வைத்தார். கழித்துப்போட்ட ரயில் பெட்டிகளை உடைத்து விறகாக விற்ற பழைய தேக்கிலிருந்து அடிக்கட்டை வந்தது, விலாக்கட்டைகள் வந்தன. சித்திரையில் பார்த்தால், மீனைத் தின்றுவிட்டு வைத்த முள் மாதிரி இரண்டரை அடி நீளத்துக்கு ஒரு கப்பலின் எலும்புக்கூடு அலமாரி மேல் நின்றது.

அந்த எலும்பின் மேல் பலகையை வளைத்து ஒட்ட வேண்டும். தேக்குச் சீவல் சும்மா வளையுமா? ஆவி காட்ட வேண்டும். சந்திலேயே பெரிய ஆவி பேராச்சியின் இட்லிக் கொப்பரையில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைசி ஈடு இறங்கியதும் நம்பிராஜன் சீவல்களோடு போய் நின்றார். பேராச்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"பந்தயம் வேற, கொப்பரை வேற. வையுங்க அண்ணாச்சி" என்றாள்.

பேராச்சி அப்படிப்பட்டவள். ஞாயிறுதோறும் நம்பிராஜன் வெந்த சீவலை ஈரத் துண்டில் சுருட்டிக்கொண்டு, ஆறுவதற்குள் சந்தைக் குறுக்கே ஒரே ஓட்டமாக ஓடுவதைப் பார்க்கவே ஆள் கூடியது. திங்கட்கிழமை இட்லியில் தேக்கு வாசனை வந்தது. வாடிக்கைக்காரர் ஒருவர், "ஏலக்காய் போட்டீங்களா?" என்று கேட்டார். "ஆமா, உங்களுக்காகத்தான்" என்று பேராச்சி கண்ணிமைக்காமல் சொல்லிவிட்டாள்.

வைகாசியில் பலகை மூடியாயிற்று. ஆனியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று பாய்மரமும் நிமிர்ந்தன. தளவாய் வந்து பார்த்துவிட்டு, மூன்றடிப் பிள்ளையாரைக் கப்பல் மேலேயே உட்கார வைத்துவிடலாம் என்றான். நம்பிராஜனுக்கு வாழ்க்கையில் அபூர்வமாக வரும் கோபம் வந்தது.

"கால் அங்குலக் கணக்குப்படி பாத்தா, அது நிசத்துல நூத்தி நாப்பத்து நாலடிப் பிள்ளையாருல்லா? கப்பல் தாங்குமாடே? பிள்ளையாரு கரையில நிக்கட்டும். கப்பல் அவரப் பாத்து வரட்டும்."

ஆறுமுகத்தாய்க்கு உள்ளுக்குள் பூரிப்பு. இந்தத் தடவை மனுஷன் முடித்துவிடுவார் என்று அவள் நம்பத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

ஆடி பிறந்தது, வேலை நின்றது. பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளைக் கட்டிவிட்டார். கரீம் பாட்சா தோல் தைக்கிற நூலில் தேன்மெழுகு தேய்த்துக் கொடுத்திருந்தார். அந்தக் கயிறுகளுக்குக் குறுக்கே, மாலுமிகள் கால் வைத்து ஏறுவதற்குப் படிக்கயிறு கட்ட வேண்டும். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு முடிச்சு. மூன்று மரம், இரண்டு பக்கம், கீழிருந்து உச்சி வரை படிகள். உளி பிடித்துத் தடித்த விரலுக்குள் அந்த நூல் அகப்படவே இல்லை. ஒரு வாரம் தடவிப் பார்த்தார். பிறகு கப்பலைத் துண்டால் மூடினார்.

"என்னங்க, அப்பிடியே வச்சிட்டீங்க?"

"ம். பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' அவளுக்குப் பழகிய சொல். தொட்டிலும் அலமாரியும் அந்தச் சொல்லோடுதான் நின்றன. மறுநாள் மத்தியானம், அவர் டூட்டிக்குப் போன பிறகு, துண்டை விலக்கி அவர் போட்டுவைத்த முடிச்சுகளைப் பார்த்தாள். ஒரு சுற்று, ஒரு வளையம், இன்னொரு வளையம், ஓர் இழுப்பு. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூ கட்டுகிற கட்டுத்தானே இது! இதற்கா இந்த மனுஷன் இந்தப் பாடு படுகிறார்?

உட்கார்ந்துவிட்டாள். ஆடி வெள்ளிக்குப் பூக்கூடை மேல் கூடை வரும் நாட்கள் அவை. கூடை முடிந்தால் கப்பல், கப்பல் முடிந்தால் கூடை. நம்பிராஜன் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்து எடுத்துக் கொடுத்தார். படிகள் மளமளவென்று ஏறின. கடைசி முடிச்சைப் போட்டு நிமிர்ந்தபோது பேராச்சி வாசலில் நின்றிருந்தாள். அவள் பின்னால் குழாயடிக் கூட்டம் முழுவதும் நின்றது.

பேராச்சி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "மதினி, இது கப்பலா, உடுக்கையா?"

அப்போதுதான் ஆறுமுகத்தாய் தள்ளி நின்று பார்த்தாள். கீழே அகலமாகத் தொடங்கி மேலே குறுகி நேராகப் போக வேண்டிய கயிறுகள், நடுவில் ஒன்றை ஒன்று நெருங்கி இடுப்பு ஒடுங்கி நின்றன. ஒரு மரத்தில் இல்லை, மூன்றிலும், இரண்டு பக்கமும். பூ உதிரக்கூடாது என்று இத்தனை வருஷம் இழுத்துப் பழகிய கை, ஒவ்வொரு முடிச்சிலும் கயிற்றையும் சேர்த்து இழுத்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். ஆறுமுகத்தாய்க்குப் பதில் வரவில்லை. அவளுக்குப் பதில் வராமல் போனது சந்துக்கே புதுசு என்பதால் சிரிப்பும் சட்டென்று நின்றது.

கூட்டம் கலைந்ததும் நம்பிராஜன், "விடு. தூரத்துல நின்னு பாத்தா தெரியாது" என்றார்.

அவள் கத்தரிக்கோலை எடுத்து எல்லா முடிச்சையும் வெட்டிப் போட்டாள். முதல் படியிலிருந்து மறுபடி தொடங்கினாள். மெதுவாக, தொட்டும் தொடாமலும். மூன்றாம் படிக்குள் கை தன் பாட்டுக்கு இழுத்துவிட்டது. வெட்டினாள். மறுபடி கட்டினாள். மறுபடி இடுப்பு விழுந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எந்தக் கையைப் பற்றி ஊரெல்லாம் பெருமையடித்தாளோ அந்தக் கையே இன்றைக்குச் சொன்ன பேச்சு கேட்கவில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு இரண்டு வாரம்கூட இல்லை. குடம் போகட்டும், மானம் போகப் போகிறதே!

நம்பிராஜன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, மிச்சமிருந்த தேக்கில் ஒரு துண்டை எடுத்து இழைக்கத் தொடங்கினார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு சட்டம் செய்துவிட்டார். ரயில் ஜன்னல் கதவு எப்படியோ அப்படியே, குறுக்கே மெல்லிய சட்டங்கள் வரிசையாக. ஒவ்வொரு சட்டத்திலும் கயிறு உட்காரக் கயிற்றுக்கு ஒரு வெட்டு. அதைக் கயிறுகளுக்குப் பின்னால் பொருத்தினார். ஒவ்வொரு கயிறும் தன் தன் வெட்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

"இப்ப நீ உன் இஷ்டத்துக்கு இழு. அது நகராது."

அவள் ஒரு முடிச்சு போட்டாள். பூவுக்கு இழுப்பதுபோலவே இழுத்தாள். கயிறு அசையவில்லை. அடுத்த முடிச்சு. அதுவும் அசையவில்லை. அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, நீங்க ஆம்பளதான்" என்றாள்.

கல்யாணமான நாள் முதல் அவர் கேட்ட முதல் பாராட்டு அது. மனிதர் வெட்கப்பட்டுக் கப்பலின் மறுபக்கம் போய் ஒளிந்துகொண்டார்.

அன்று முதல் அவள் கட்டுவாள், அவர் கயிறு குறுகுவதற்கேற்பப் புது வெட்டுப் போட்டுச் சட்டத்தை மேலே மேலே நகர்த்துவார். நடுவில் அவள் திட்டுவதற்குக்கூட மறந்துபோனாள். எல்லாம் முடிந்து சட்டத்தை உருவினால், கயிறுகள் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றன. பாய்களும் ஏறின. கடைசியாக, உச்சிக்கு ஒரு கொடி வேண்டும் என்று ஆறுமுகத்தாய் தன் சிவப்பு ரவிக்கைத் துண்டில் விரலளவு வெட்டி ஓரம் தைத்துக் கொடுத்தாள்.

பிள்ளையார் சதுர்த்தி அன்று காலை. பந்தலுக்குத் தூக்கிப் போகத் தளவாய் ஆட்களோடு வந்துவிடுவான். ஆறுமுகத்தாய் குளித்துப் புடவை மாற்றி வந்து பார்த்தாள். உச்சி மொட்டையாக இருந்தது.

"கொடி எங்கங்க?"

நம்பிராஜன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இருக்கு."

"கட்டுங்க. அவன் வந்திருவான்லா."

அவர் அசையவில்லை. அவளுக்கு உச்சி வரை சூடேறியது. ஏழு மாதம் பாடுபட்டு, ஒரே ஒரு முடிச்சு மிச்சம் இருக்கும்போதா? வாயைத் திறக்கப் போனவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அவர் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார், ரயிலேற்றி விட வந்தவர் மாதிரி.

"கட்டிட்டா முடிஞ்சிரும்லா ஏளா" என்றார். "ஒர்க்‌ஷாப்புல இத்தன வருசமா ஜன்னல் செய்யுதேன். முடிச்ச ஒடனே வண்டியில ஏத்திட்டுப் போயிருதான். அது எந்த ரயில்ல போச்சு, யாரு அதத் தூக்கிவிட்டு வெளிய பாத்தா, எனக்கு ஒண்ணும் தெரியாது. வீட்டுல கிடக்கதுதான் நம்மகிட்டயே கிடக்கு. முடியாம இருக்கதுனாலதான் கிடக்கு."

ஆறுமுகத்தாய் கதவில்லாத அலமாரியைப் பார்த்தாள். பரணில் இருந்த தொட்டிலைப் பார்த்தாள். எத்தனை வருஷமாக இவற்றைச் சொல்லிச் சொல்லி இந்த மனுஷனைக் கரித்துக் கொட்டியிருக்கிறாள்!

"இத ஏன் முன்னாலயே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? வைதுகிட்டுல்லா இருந்த."

வெளியே தளவாயின் சத்தம் கேட்டது. ஆறுமுகத்தாய் கையை நீட்டினாள். அவர் தயங்கித் தயங்கிக் கொடியை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கொடி அடுத்த வருசம் பாத்துக்கிடலாம். கப்பல் பத்து நாளு பந்தல்ல நிக்கட்டும். பிள்ளையார மாஹிம் கடல்ல கரைச்சிட்டு வந்ததும் கப்பல் நம்ம வீட்டுக்கு வரணும். முடியாத கப்பலக் கமிட்டி வச்சு என்ன செய்ய? தளவாய்கிட்ட நான் சொல்லுதேன்."

சொன்னால் சொன்னதுதான், தளவாய் எதிர்த்துப் பேசவா போகிறான்?

பந்தலில் கப்பலைப் பார்க்கத் திலக் நகரிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. அடுத்த சந்துக்காரர்கள் இரண்டாம் தடவை பார்க்க முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு வந்தார்கள் என்று தளவாய் சத்தியம் செய்தான். கரீம் பாட்சா வருகிறவர்களிடமெல்லாம், "நூலு நம்ம பட்டறை நூலு" என்று தனித்தனியாகச் சொன்னார். நம்பிராஜன் பந்தல் காலில் சாய்ந்து நின்று, கப்பலைப் பார்க்கிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் செய்த ஒன்றை யார் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது அதுதான் முதல் தடவை.

பேராச்சி கப்பலைச் சுற்றி வந்தாள். கயிற்றைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கி மெச்சினாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

"மதினி, உச்சியில கொடி எங்க?"

"அது பாக்கி."

"அப்ப கப்பல் முடியலயா?"

"முடியல."

ஒரு பெரிய சண்டைக்கு இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்திருந்த பேராச்சிக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

மறுநாள் காலை குழாயடியில் ஆறுமுகத்தாய் தன் குடத்தைத் தானே எடுத்து இரண்டாவதாக வைத்தாள். பேராச்சி முதல் இடத்தில் குடத்தை வைத்துவிட்டு, அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"தோத்துட்டு என்ன மதினி சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. நீ பிடி, தண்ணி நின்னுரப் போகுது."

தண்ணீரோடு வீட்டுக்கு வந்தால், நம்பிராஜன் அவளுடைய பூப்பலகையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். செங்கல்லைக் காணோம். மூன்று காலின் உயரத்தையும் அளந்து, நாலாவது காலை இழைத்து முடித்திருந்தார்.

"என்னங்க இது?"

அவர் காலைத் துளையில் பொருத்தித் தட்டினார். பலகையை நிமிர்த்திப் போட்டு, கையால் அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை.

"இது எங்கயும் போயிராதுல்லா?" என்றார்.

ஆறுமுகத்தாய் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, பலகையில் உட்கார்ந்து பூக்கூடையை இழுத்துக்கொண்டாள்.

"நான் உக்காந்திருக்க வரைக்கும் இது எங்க போவும்?" என்றாள்.